நேற்று வரை ஓடியதே!

மொழிக் கழக ஆண்டிதழுக்குக் கட்டுரை கேட்டு இளையவர்கள் அழைத்தபோது, "அண்ணே, உங்கள் துறையைப் பற்றி எழுதுங்கள், ஆனால் எல்லாருக்கும் புரிய வேண்டும்" என்றார்கள். இந்த இரண்டையும் ஒருசேரக் காப்பது எளிதன்று. இருந்தாலும் ஒரு கதை இருக்கிறது. 2019-ஆம் ஆண்டில் நானும் என்னுடன் பயின்ற தோழி ஒருத்தியும் ஏறத்தாழ மூன்று வாரம் ஒரு கோளாற்றைத் துரத்தினோம். அதில் எனக்குப் பெருமை சேர்க்கும் பகுதி குறைவு. அதனால்தான் இத்தனை ஆண்டுகள் எழுதாமல் இருந்தேன்.

அப்போது நாங்கள் இறுதியாண்டு மாணவர்கள். விடுதிக்கு முன்னால் இருக்கும் பேருந்து நிறுத்தத்தில் அடுத்த பேருந்து எப்போது வரும் என்று காட்டும் ஒரு திரையை வைப்பதுதான் எங்கள் ஆய்வுத் திட்டம். அந்த நிறுத்தத்தில் வெயிலில் நின்று வாடியவர்களுக்கு இதன் அருமை தெரியும். புலத்தின் கிடங்கிலிருந்து தூக்கி எறிய வைத்திருந்த ஒரு சிறு கணினியைக் கேட்டு வாங்கினோம். உள்ளங்கை இரண்டை விரித்து வைத்தால் மறைந்துவிடும் அளவு. விசைப்பலகையும் சுட்டியும் இல்லாமல், மின்சாரம் கொடுத்தவுடன் தானே எழுந்து, தானே தரவை இழுத்து, தானே திரையில் காட்ட வேண்டும். இயங்குதளம் லினக்ஸ். அதை அமைப்பது என் பொறுப்பு. கணினி எழுந்தவுடன் ஓடத் தொடங்கும் நிரலையும் வலைத்தொடர்பையும் எழுதுவது அவள் பொறுப்பு.

ஆகஸ்டு இறுதி வரை எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நான் ஒரு வேலை செய்தேன். அப்போது வெளிவந்திருந்த லினக்ஸ் கெர்னல் 5.2. அடுத்து வரவிருந்த 5.3-இன் சோதனைப் பதிப்புகள் வாரம் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. புதியது என்றால் நல்லது என்று நம்பும் வயது. ஆறாவது சோதனைப் பதிப்பை இறக்கிப் போட்டேன்.

கெர்னல் என்றால் என்ன என்று தமிழ்த்துறை நண்பர்கள் கேட்கலாம். வன்பொருளுக்கும் நாம் பயன்படுத்தும் நிரல்களுக்கும் நடுவே அமர்ந்து, யாருக்கு எவ்வளவு நினைவகம், யார் முதலில் வட்டைப் படிப்பது என்றெல்லாம் பங்கிட்டுக் கொடுக்கும் அடிப்படை மென்பொருள் அது. கருனி என்று எழுதுவோர் உண்டு, உட்கரு என்போரும் உண்டு. கழகத்தில் இதற்காக ஒரு பட்டிமன்றமே வைக்கலாம். நான் கெர்னல் என்றே எழுதிவிடுகிறேன்.

மறுநாள் கணினி எழவில்லை. திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடி, ஓரிடத்தில் நின்றுவிட்டன. நின்ற கடைசி வரி அவளுடைய நிரல் எழுதிய வரி. "தொடங்குகிறேன்" என்று சொல்லிவிட்டு அதற்கப்பால் பேச்சே இல்லை. வலைக்கம்பியைச் செருகி வைத்தால் சில நிமிடம் கழித்து எழுந்தது. உருவிவிட்டால் எழவே இல்லை. வலைத்தொடர்பு யார் பொறுப்பு? அவள் பொறுப்பு. கடைசி வரி யாருடையது? அவளுடையது. வழக்கு முடிந்தது என்று நினைத்தேன்.

"நேற்று வரை ஓடியதே! நான் ஒரு வரிகூட மாற்றவில்லை" என்றாள்.

"ஓடியது தற்செயலாக இருக்கும்" என்றேன் நான். அந்த வாரம் மேற்பார்வையாளருக்குக் கொடுக்க வேண்டிய முன்னேற்ற அறிக்கையை எழுதியவனும் நான்தான். கருவி தொடங்காததற்குக் காரணம் தொடக்க நிரலில் உள்ள பிழை, அதை எழுதியவர் சரிசெய்து கொண்டிருக்கிறார் என்று ஒரு வாக்கியம் சேர்த்து அனுப்பிவிட்டேன். அவளைக் கேட்கவில்லை.

திட்டம் ஒன்றுதான் என்றாலும் மதிப்பெண் இருவருக்கும் தனித்தனி. அவள் லாரி ஓட்டுநரின் மகள். பிடிபிடிஎன் கடனில் படித்துக்கொண்டிருந்தாள். முதல் வகுப்பில் தேறினால் அந்தக் கடனைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்கு கிடைக்க வாய்ப்புண்டு என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அந்த வாக்கியத்தைத் தட்டும்போது இதெல்லாம் எனக்கும் தெரிந்தே இருந்தது.

அவள் சண்டை போடவில்லை. இரண்டு நாள் கழித்து ஆய்வுக்கூடத்துக்கு என்னை அழைத்தாள். அதே நிரல், அதே கணினி, அதே வட்டு. 5.2 கெர்னலில் தொடக்கினாள்: அரை நிமிடத்துக்குள் பேருந்துப் பட்டியல் வந்தது. 5.3-இன் சோதனைப் பதிப்பில் தொடக்கினாள்: நின்றது. மறுபடி 5.2: ஓடியது. என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "இப்போது யார் நிரல்?" என்று கேட்டாள்.

முன்பு வேலை செய்த ஒன்று புதிய பதிப்பில் வேலை செய்யாமல் போவதைப் பின்னடைவு என்பார்கள். புதிய வசதி ஒன்று சரியாக வராததைவிட இது மோசமானது. லினக்ஸைத் தொடங்கிய லினஸ் தோர்வால்ட்ஸ் இதில் மிகக் கண்டிப்பானவர். பயனரிடம் ஓடிக்கொண்டிருந்த ஒன்று கெர்னலை மாற்றியதால் நின்றது என்றால் குற்றம் கெர்னலுடையது. பயனரின் நிரல்தான் தப்பு என்று கைகாட்டித் தப்பிக்கக் கூடாது. அறிக்கையில் கைகாட்டிய எனக்கு இந்த விதி அப்போதே தெரியும். பாடத்தில் படித்திருந்தேன்.

5.2-க்கும் 5.3-க்கும் இடையே ஏறக்குறைய 14 ஆயிரம் மாற்றங்கள். இதில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வழி ஒன்று உண்டு. தோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய கிட் என்னும் கருவியில் பைசெக்ட் என்று ஒரு கட்டளை இருக்கிறது. நல்ல பதிப்பு இது, கெட்ட பதிப்பு இது என்று சொன்னால், இரண்டுக்கும் நட்டநடுவில் உள்ள நிலையை எடுத்துக் கொடுக்கும். அதைத் தொகுத்து ஓட்டிப் பார்த்து நல்லது, கெட்டது என்று பதில் சொல்ல வேண்டும். பாதி கழிந்துவிடும். மீதியில் மறுபடி நடு. அகராதியில் சொல் தேடுவதுபோலத்தான். 14 ஆயிரம் மாற்றங்களுக்கு 14 முறை போதும்.

போதும் என்று எழுதுவது எளிது. ஒவ்வொரு முறையும் ஆய்வுக்கூடத்து மேசைக் கணினியில் கெர்னலைத் தொகுக்க அரை மணி நேரம், அதை விரலியில் ஏற்றி எங்கள் சிறு கணினியில் போட்டுப் பார்க்கக் கால் மணி நேரம். விடுமுறை வேறு. கூடத்துப் பொறுப்பாளர் அபாங் நல்ல மனிதர். சாவியைக் கொடுத்துவிட்டு, குளிர்சாதனத்தை மட்டும் அணைத்துவிட்டுப் போகச் சொல்வார். நடுவில் சில நிலைகள் தொகுக்கவே மறுத்தன, அவற்றைத் தாண்டிப் போனேன். நாங்கள் 5.2-க்குப் பிந்திய மாற்றத்தைத் தேடிக்கொண்டிருக்க, தொடங்கும் கெர்னலோ தன் பெயரை 5.2-இன் பழைய சோதனைப் பதிப்பு என்று காட்டும். முதலில் தலை சுற்றியது. அந்தந்தக் குழுவினர் தங்கள் வேலையைப் பழைய நிலையொன்றிலிருந்து கிளை பிரித்துச் செய்து, பிறகுதான் இணைக்கிறார்கள் என்பது மெல்லப் புரிந்தது.

முதல் சுற்றை நான் தனியாகவே செய்தேன். அவளிடம் உதவி கேட்க மனம் வரவில்லை. இரண்டு நாள், ஓர் இரவு. பதினான்காவது படியில் குற்றவாளி என்று கிட் எனக்குக் காட்டியது, எங்கள் கணினியில் இல்லவே இல்லாத ஏதோ ஓர் ஒலி அட்டைக்கான மாற்றம். எங்கள் கணினியில் அந்தக் கோப்பு தொகுக்கப்படவே இல்லை. அதை நீக்கிப் பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை. விடியற்காலை மணி நான்கு இருக்கும். அழாத குறைதான்.

காலையில் அவள் வந்து என் குறிப்பேட்டைப் புரட்டினாள். எந்தப் படியில் என்ன பதில் சொன்னேன் என்று எழுதி வைத்திருந்தேன். அவள் கேட்ட கேள்வி இது: "ஓடுகிறதா என்று பார்க்கும்போது உன் கை எங்கே இருந்தது?"

என் கை விசைப்பலகையில் இருந்தது. திரை நின்றால் பொறுமையில்லாமல் நுழைவு விசையைத் தட்டுவது என் பழக்கம். ஐந்தாறு முறை படபடவென்று தட்டுவேன். கணினி எழுந்துவிடும், நானும் "நல்லது" என்று குறித்துவிடுவேன். அவள் விசைப்பலகையைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, மோசமானது என்று இருவருக்கும் தெரிந்த ஆறாவது சோதனைப் பதிப்பைத் தொடக்கினாள். நின்றது. ஐந்து நிமிடம் பார்த்தோம். அசையவில்லை. விசைப்பலகையைச் செருகி நான்கு விசையைத் தட்டினாள். எழுந்துவிட்டது.

மருத்துவரைக் கண்டதும் காய்ச்சல் விட்டுப்போகும் பிள்ளையைப் போல, நாங்கள் சோதிக்க உட்கார்ந்தாலே அந்தக் கணினிக்கு நோய் தீர்ந்துவிடும். என் முதல் சுற்றின் பதில்களில் எத்தனை பொய் என்று இன்றுவரை தெரியாது.

இரண்டாம் சுற்றுக்கு அவள் சட்டம் வகுத்தாள். விசைப்பலகை, சுட்டி, வலைக்கம்பி எதுவும் செருகக் கூடாது. மின்சாரம் கொடுத்ததும் இருவரும் கையைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். நல்லது என்று குறிப்பதற்கு மூன்று முறை தொடர்ந்து எழுந்திருக்க வேண்டும். அந்தச் செப்டம்பரில் புகைமூட்டம் எப்படி இருந்தது என்பது நினைவிருக்கும். வெளியே போகவும் முடியாது. முகமூடியோடு கூடத்துக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, பேசாத கணினியின் முன்னால் இரண்டு பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அபாங் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, தியானமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

மூன்று நாள் கழித்து வந்த விடையையும் முதலில் நம்பவில்லை. அது வட்டிலுள்ள கோப்புகளை ஒழுங்குபடுத்தும் எக்ஸ்ட்4 என்ற பகுதியில் செய்யப்பட்ட மாற்றம். வரிகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். நிரல் தொடங்காததற்கும் வட்டைப் படிப்பதற்கும் என்ன தொடர்பு? வட்டு நன்றாகத்தானே படிக்கிறது! ஆனால் அந்தச் சில வரிகளை மட்டும் நீக்கித் தொகுத்தால் கணினி ஒவ்வொரு முறையும் எழுந்தது. சேர்த்தால் நின்றது. பத்து முறை மாற்றி மாற்றிப் பார்த்தோம்.

தொடர்பைக் கண்டுபிடித்தது கெர்னலின் பதிவேட்டிலிருந்து. எதிர்பாரா எண்களின் களஞ்சியம் தயார் என்று பொருள்படும் ஒரு வரி அதில் வரும். பழைய கெர்னலில் அந்த வரி தொடக்கத்திலிருந்து சுமார் இருபதாவது நொடியில் இருந்தது. புதியதில் நாங்கள் விசையைத் தட்டிய பிறகுதான் இருந்தது. அங்கிருந்து நூலைப் பிடித்து இழுத்தோம்.

அவளுடைய நிரல் தொடங்கியவுடன், யாராலும் ஊகிக்க முடியாத எண் ஒன்றைக் கெர்னலிடம் கேட்கும். மறைகுறியாக்கத்துக்கு அது வேண்டும். கணினியோ சொன்னதைச் செய்யும் பொறி. ஊகிக்க முடியாததை அது எங்கிருந்து எடுக்கும்? வெளியுலகிலிருந்துதான். நாம் விசையைத் தட்டும் நேர இடைவெளி, வலைக்கம்பியில் தகவல் வந்து சேரும் நொடி, வட்டு "படித்து முடித்தேன்" என்று சொல்லும் கணம், இவற்றின் ஒழுங்கின்மையைத் துளித்துளியாகச் சேர்த்துக் களஞ்சியத்தை நிரப்பும். நிரம்பும் முன் கேட்டால், காத்திரு என்று நிறுத்திவைக்கும். புதிய சில்லுகளில் இத்தகைய எண்ணைத் தரும் கட்டளை சில்லிலேயே உண்டு. கிடங்கிலிருந்து வந்த எங்கள் கணினிக்கு அந்த வசதி இல்லை.

இப்போது அந்த எக்ஸ்ட்4 மாற்றத்துக்கு வருவோம். முன்பு வட்டில் அடுத்தடுத்த இடங்களைப் படிக்க, ஒவ்வொரு வேண்டுகோளும் தனித்தனியாகப் போகும். ஒரே ஓர் ஆளை ஏற்றிக்கொண்டு புறப்படும் பேருந்து மாதிரி. புதிய மாற்றம், பக்கத்துப் பக்கத்து இடங்களுக்கான வேண்டுகோள்களைச் சற்று நிறுத்திவைத்து ஒன்றாக ஏற்றி அனுப்பியது. மிக நல்ல மாற்றம், வட்டின் வேலை குறைந்தது. ஆனால் பயணம் குறைந்தால் வட்டு "முடித்தேன்" என்று சொல்லும் தடவையும் குறையும். களஞ்சியத்துக்கு வரும் துளிகளும் குறையும். 5.2-இல் எங்கள் கணினி நூலிழையில் தப்பிப் பிழைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். 5.3-இல் அந்த நூல் அறுந்தது. நிரல் எண்ணுக்காகக் காத்திருக்கும். நிரல் காத்திருப்பதால் வட்டுக்கு வேலையில்லை. வட்டுக்கு வேலையில்லாததால் துளி வராது. துளி வராததால் நிரல் காத்திருக்கும். மனிதன் வந்து ஒரு விசையைத் தட்டும் வரை எல்லாரும் எல்லாருக்காகவும் காத்திருப்பார்கள்.

கெர்னல் உருவாக்குநர்களுக்குத் தெரிவிக்கப் பத்து வரி ஆங்கிலத்தில் எழுதினோம். அதற்கு நான்கு மணி நேரம் ஆனது. அனுப்பும் முன், வேறு யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று பார்ப்போம் என்றாள் அவள். சொல்லியிருந்தார்கள். சில நாளுக்கு முன்பே ஒரு பொறியாளர் தம் மடிக்கணினி இதேபோல் நிற்பதாக, இதே மாற்றத்தைச் சுட்டித் தெரிவித்திருந்தார். எங்கள் பத்து வரி எங்கும் போகவில்லை. முதலில் ஏமாற்றம். கண்டுபிடித்தவர்கள் என்று பெயர் வந்திருக்குமே! பிறகு ஒரு நிம்மதியும் வந்தது. மூன்று வாரம் நாங்கள் காற்றோடு சண்டை போடவில்லை.

அங்கே நடந்த வாதத்தை நாங்கள் பாடம்போலப் படித்தோம். யார் குற்றம்? கோப்புப் பகுதியா? அது தன் வேலையை முன்னைவிட நன்றாகச் செய்தது. எண் கேட்ட நிரலா? கேட்பதற்கென்றே 2014-இல் சேர்க்கப்பட்ட வழியில்தான் கேட்டது. களஞ்சியத்தைப் பார்த்துக்கொள்ளும் பகுதியா? பாதுகாப்பில்லாத எண்ணைத் தருவதைவிடக் காத்திருக்கச் சொல்வது நல்லது என்று அது நினைத்தது. வேடிக்கை என்னவென்றால், அச்சமயம் எக்ஸ்ட்4 பகுதிக்கும் எண் களஞ்சியப் பகுதிக்கும் பொறுப்பாளர் ஒருவரே, தியடோர் சோ. வாதியும் பிரதிவாதியும் ஒரே வீட்டில்.

5.3 வெளியான நாள் 2019 செப்டம்பர் 15. நமக்கு அப்போது 16-ஆம் தேதி அதிகாலை, மலேசிய தின விடுமுறை. வெளியிடும் முன் கடைசி நேரத்தில் தோர்வால்ட்ஸ் அந்த எக்ஸ்ட்4 மாற்றத்தைத் திரும்பப் பெற்றார். அதற்கு அவர் தந்த விளக்கத்தை இருவரும் ஒரே திரையில் படித்தோம். இந்த மாற்றத்தில் பிழையில்லை, செய்ய நினைத்ததை மிக நன்றாகவே செய்தது, தொடர்பே இல்லாத வேறோர் இடத்திலிருந்த கோளாற்றை அது வெளிக்கொணர்ந்துவிட்டது, ஆனாலும் பயனரின் கணினி நின்றுபோவதால் இப்போதைக்குத் திரும்பப் பெறுகிறேன் என்ற பொருளில் எழுதியிருந்தார். குற்றமற்றது என்று பதிவேட்டிலேயே எழுதி வைத்துவிட்டு வெளியே அனுப்பினார்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். செப்டம்பர் முடிவதற்குள், களஞ்சியம் நிரம்பக் காத்திராமல், சில்லின் சொந்த ஓட்டத்திலுள்ள நுண்ணிய நேர வேறுபாடுகளிலிருந்தே கெர்னல் ஒழுங்கின்மையைத் தேடிச் சேர்க்கும் வழியை அவரே எழுதினார். அது 5.4-இல் சேர்ந்தது. எக்ஸ்ட்4 மாற்றமும் அதே பதிப்பில் திரும்பி வந்துவிட்டது. எங்கள் பேருந்துத் திரையும் பின்னர் அந்தக் கெர்னலில்தான் ஓடியது.

ஆனால் அந்த விடுமுறை நாளில், விளக்கத்தைப் படித்து முடித்ததும் அவள் ஒன்றும் பேசாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான் தனியே உட்கார்ந்து என் முன்னேற்ற அறிக்கையைத் திறந்தேன். அந்த வாக்கியம் அங்கேயே இருந்தது.

மறுநாள் மேற்பார்வையாளரைப் பார்க்கப் போனேன். அவர் ஒரு சீனப் பேராசிரியை. அதிகம் பேசமாட்டார். நடந்ததைச் சொல்லி, அறிக்கையிலுள்ள அந்தப் பக்கத்தை மட்டும் மாற்றித் தருகிறேன் என்றேன். மாற்ற வேண்டாம் என்றார். பழைய வாக்கியம் இருக்கட்டும், அதற்குப் பின்னால் ஒரு பக்கம் இணையுங்கள், யார் எழுதியது, எது தவறு, எப்படித் தெரிந்தது என்று முழுவதும் எழுதுங்கள், இருவரும் கையெழுத்திடுங்கள் என்றார். அவ்வளவு நேரமும் நான் தேடிக்கொண்டிருந்தது, யாரும் பார்க்காமல் அந்த வரியை அழித்துவிடும் ஒரு வழியைத்தான்.

அந்தப் பக்கத்தை எழுத இரண்டு நாள் ஆனது. தொடக்க நிரலில் பிழையில்லை என்பதை முதல் வாக்கியமாக வைத்தேன். தவறான முடிவை எழுதியவன் நான், முதல் சுற்றுச் சோதனையைக் கெடுத்தவனும் நான், அதைக் கண்டுபிடித்தவள் அவள் என்று வரிசையாக எழுதி, உணவகத்தில் அவளிடம் நீட்டினேன். தே ஓ ஐஸைத் தள்ளி வைத்துவிட்டு முழுவதும் படித்தாள். பையிலிருந்து பேனாவை எடுத்தாள். கையெழுத்திடப் போகிறாள் என்று நினைத்தேன். மூன்றாவது பத்தியில் நான் தப்பாக எழுதியிருந்த ஓர் ஆங்கிலச் சொல்லைத் திருத்தி, "இதை மாற்றிக்கொண்டு வா, பிறகு போடுகிறேன்" என்று திருப்பிக் கொடுத்தாள்.